வாட்சன் அடித்த இரண்டு ஓவர்தான் சைமன் கெரிகனை முடித்ததா?

நீங்கள் கேட்டது இதுதான்: 2013 ஓவல் டெஸ்டில் சைமன் கெரிகன் என்ற இடக்கை ஸ்பின்னர் இங்கிலாந்துக்கு ஆடினார், 8 ஓவரில் 53 ரன் கொடுத்தார், விக்கெட் இல்லை, அப்புறம் ஆளையே காணோம். இவ்வளவு சுமாரான பௌலரை எப்படி எடுத்தார்கள், ஆஸ்திரேலியாவின் ஷேன் வாட்சன் அடித்த அடிதான் அவர் கிரிக்கெட்டை முடித்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். கவுண்டியில், அதாவது இங்கிலாந்தின் உள்நாட்டு அணியில், நன்றாக வீசிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பந்து கையை விட்டுச் சரியாகப் போகாமல் போவது எப்படி, அதற்குப் பிறகு அவர் மீள்வது ஏன் அவ்வளவு கடினமானது?

இளம் ஸ்பின்னர்களுக்கு, அதிலும் இடக்கைப் பையன்களுக்கு, பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கெரிகனின் கதையை அந்தக் கண்ணோடுதான் பின்தொடர்ந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் சுமாரான பௌலர் இல்லை. அன்று மிக மோசமாக வீசினார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 8 ஓவரை வைத்து அவரை எடை போடுவது நியாயம் இல்லை. அவருடைய வாழ்க்கை சுருங்கியதற்கு வாட்சன் மட்டும் காரணம் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கெரிகன் 1989ல் பிரெஸ்டனில் பிறந்தவர். லங்காஷயரின் சொந்த மண் பிள்ளை. 2010ல் அந்தக் கவுண்டிக்காக முதல்தர கிரிக்கெட்டில் அறிமுகம் ஆனார். அப்போது கேரி கீடி என்ற மூத்த இடக்கை ஸ்பின்னர் அணியில் இருந்தார். ஒரே வகை பௌலர் இருவர் இருந்தால் சின்னவர் காத்திருக்க வேண்டியதுதான் வழக்கம். ஆனால் 2011ல் கெரிகனை ஓரம் கட்டவே முடியவில்லை.

அந்த ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓவலை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. ஓல்ட் டிராஃபர்ட் மைதானத்தில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் லங்காஷயர் தன் உள்ளூர் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை லிவர்பூலின் ஐக்பர்த் மைதானத்தில் ஆடியது. பீட்டர் மூர்ஸ் பயிற்சியாளர், கிளென் சாப்பிள் கேப்டன். பெரிய நட்சத்திரங்கள் இல்லாத அணி. கவுண்டி சாம்பியன்ஷிப் பட்டத்துக்கான போட்டி கடைசி இரண்டு ஆட்டங்கள் வரை இழுத்தது. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் ஐக்பர்த்தில் ஹாம்ப்ஷயரை எதிர்த்து ஆடினார்கள். கடைசி நாள், ஜெயித்தே ஆக வேண்டும், எதிரணி டிராவுக்காகத் தடுத்து ஆடுகிறது. அந்த இன்னிங்ஸில் கெரிகன் 51 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தார். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோதுதான் கடைசி விக்கெட் விழுந்தது. அடுத்த வாரம் டான்டனில் சாமர்செட்டை வென்று லங்காஷயர் சாம்பியன் ஆனது. யாருடனும் பகிராமல் தனியாக அந்தப் பட்டத்தை அவர்கள் கடைசியாக வென்றது 1934ல். 77 வருடக் காத்திருப்பு.

அந்த 9 விக்கெட்டை நான் ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், தடுத்து ஆடுபவனை அவுட்டாக்குவது ஸ்பின்னருக்கு எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை. அடிக்க வருபவன் தானே தப்பு செய்வான். தடுப்பவன் செய்ய மாட்டான். சுற்றிலும் நெருங்கிய ஃபீல்டர்கள், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு லூஸ் பந்து போட்டாலும் அந்த அழுத்தம் கலைந்துவிடும். ஒரே லெங்த்தில், அதாவது பிட்சில் ஒரே தூரத்தில், மணிக்கணக்கில் பந்தை வைக்க வேண்டும். 22 வயதில் பட்டத்துக்கான ஆட்டத்தில் அதைச் செய்தவரை ‘நெருக்கடி தாங்காதவர்’ என்று சொல்வது உண்மைக்குப் பொருந்தாது.

2012ல் லங்காஷயர் சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2013ல் கெரிகன் அந்தப் பிரிவில்தான் ஆடிக்கொண்டிருந்தார், நிறைய விக்கெட்டும் எடுத்தார். ஆகஸ்ட் மாதம் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் தொடரின் ஐந்தாவது டெஸ்ட். தொடரை இங்கிலாந்து ஏற்கெனவே வென்றுவிட்டது. ஓவல் பிட்ச் திரும்பும் என்று எதிர்பார்த்து, கிரேம் ஸ்வானுக்குத் துணையாக இரண்டாவது ஸ்பின்னரைச் சேர்த்தார்கள். வேகப்பந்து வீச்சாளர் கிறிஸ் ட்ரெம்லெட்டும் அணியில் இருந்தார், ஓவல் அவருடைய சொந்தக் கவுண்டி மைதானம். அவர்தான் ஆடுவார் என்று பலர் நினைத்திருந்தார்கள். ஆடியது கெரிகன். அதே ஆட்டத்தில் கிறிஸ் வோக்ஸுக்கும் அது முதல் டெஸ்ட்.

சரி, மைதானத்தில் என்ன நடந்தது? ஆஸ்திரேலியா முதலில் பேட்டிங். ஷேன் வாட்சன் நன்றாக நிலைத்து, வேகப்பந்தை விளாசிக்கொண்டிருந்தார். மதிய உணவுக்கு முன்பே கேப்டன் அலஸ்டேர் குக் பந்தைக் கெரிகனிடம் கொடுத்தார். முதல் இரண்டு ஓவரில் 28 ரன். தரையில் படாமலே பேட்டுக்கு வரும் ஃபுல் டாஸும், பாதியிலேயே குத்தி எழும் லாங் ஹாப்புமாகப் போய் விழுந்தன, வாட்சன் ஒன்றையும் விடவில்லை. குக் உடனே அவரை எடுத்துவிட்டார். பிறகு எப்போதாவது சில ஓவர் கொடுத்தார். வாட்சன் 176 அடித்தார், ஸ்டீவ் ஸ்மித் தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார், ஆஸ்திரேலியா 9 விக்கெட்டுக்கு 492 எடுத்து டிக்ளேர் செய்தது. 120 ஓவருக்கு மேல் நீண்ட அந்த இன்னிங்ஸில் கெரிகனுக்குக் கிடைத்தது 8 ஓவர். இரண்டாவது இன்னிங்ஸில் ஒன்றுகூட இல்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு ஓவரில் 28 என்றால், மீதி ஆறு ஓவரில் 25. ஓவருக்கு நான்கு ரன் சொச்சம். நல்ல பந்துவீச்சு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பேட்ஸ்மேன் சதத்தைத் தாண்டி ஆடிக்கொண்டிருக்கும் இன்னிங்ஸில் அது பேரழிவும் இல்லை. ‘கெரிகனின் ஓவல்’ என்று எல்லோருக்கும் நினைவில் நிற்பது பன்னிரண்டு பந்துகள்.

அந்தப் பன்னிரண்டு பந்துகளில் என்ன கெட்டுப்போனது என்பதைத் தொழில்முறையாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஃபுல் டாஸையும் லாங் ஹாப்பையும் பார்ப்பவர்கள் இரண்டு தனித்தனித் தவறுகளாக நினைப்பார்கள். ஒன்று அளவுக்கு மீறி நீளம், ஒன்று அளவுக்கு மீறிக் குட்டை. உண்மையில் இரண்டும் ஒரே தவறு. இடக்கை ஸ்பின்னருக்கு ஆள்காட்டி விரலின் மேல் மூட்டு தையலின் மேல் உட்கார்ந்திருக்கும். வலது கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, கை மேலே வரும் அந்த நொடியில் விரல் தையலை இழுத்துவிட வேண்டும். கண் இமைக்கும் நேரம் முன்னால் விட்டால் பந்து மிதந்து ஃபுல் டாஸ் ஆகும். அதே அளவு தாமதித்தால் தரையில் குத்தி லாங் ஹாப் ஆகும். ஒருவன் மாறி மாறி இரண்டையும் போடுகிறான் என்றால், எந்த இடத்தில் விடுவது என்ற உணர்வே விரலுக்கு இல்லை என்று அர்த்தம். லெங்த்தை மாற்றச் சொல்லி அவனுக்கு அறிவுரை சொல்வது வீண்.

இது எதனால் வருகிறது? என் அனுபவத்தில் பெரும்பாலும் இறுக்கத்தால். பந்தை இறுக்கிப் பிடிப்பான், ஓட்டம் அவசரமாகும், வலது கை சீக்கிரமே கீழே விழும், அதோடு தலையும் சாயும். என்னிடம் வரும் பையன்களுக்கு இப்படி ஆனால் முதலில் பேட்ஸ்மேனை நெட்டிலிருந்து வெளியே அனுப்பிவிடுவேன். ஸ்டம்பையும் எடுத்துவிடுவேன். இரண்டு எட்டு நடந்து வந்து வெறும் நெட்டுக்குள் போடு, எங்கே விழுகிறது என்று பார்க்காதே, விரலில் தையல் உரசுவதை மட்டும் கவனி என்பேன். சிலருக்கு ஒரு மணி நேரத்தில் திரும்பி வரும். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். டெஸ்ட் மைதானத்தில் அந்த வசதி கிடையாது. அங்கே அதைச் சரிசெய்ய ஒரே வழி ஓவர்கள்தான். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, அடி வாங்கி, உடம்பு தன் பழைய தாளத்தைக் கண்டுபிடிக்கும்வரை விட வேண்டும். கெரிகனுக்கு அது கிடைக்கவில்லை.

இது யிப்ஸா என்று பலர் கேட்கிறார்கள். நெருக்கடியில் கை பந்தை விட மறுக்கும் அந்தக் கோளாறைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கெரிகன் விஷயத்தில் அந்த முத்திரையைக் குத்த நான் தயாராக இல்லை. வெளியிலிருந்து வீடியோவைப் பார்த்து அதைத் தீர்மானிக்க முடியாது. பக்கத்தில் நின்று பார்க்கும் பயிற்சியாளருக்கே அது எளிதில்லை. தெளிவான உதாரணம் வேண்டுமென்றால் சரே அணியின் கீத் மெட்லிகாட் இருக்கிறார். அவரும் இடக்கை ஸ்பின்னர்தான். 1984ல் தொடங்கி, 1989-90ல் இங்கிலாந்து அணியோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார், டெஸ்ட் கிடைக்கவில்லை. 1991ல் 26 வயதில் அவருடைய முதல்தர வாழ்க்கை முடிந்தது. பந்தை விட முடியாத அந்தக் கோளாறுதான் காரணம். பின்னாளில் அதே சரேயின் பயிற்சியாளராகி 1999, 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்தைப் பற்றிய அறிவு துளியும் குறையவில்லை, கை மட்டும் ஒத்துழைக்கவில்லை. கெரிகன் அப்படி இல்லை. ஓவலுக்குப் பிறகும் அவர் வருடக்கணக்கில் முதல்தர கிரிக்கெட்டில் வீசினார், விக்கெட் எடுத்தார். 2014 ஜூலையில் இந்தியாவுக்கு எதிரான லார்ட்ஸ் டெஸ்டுக்கான அணியில்கூட அவர் பெயர் வந்தது. ஆடும் பதினொன்றில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே ‘அதோடு காணாமல் போனார்’ என்பது சரியில்லை.

இப்போது நம் ஊர் ரசிகர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு ஆட்டத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரி, ஹைதராபாத். அதே லங்காஷயரிலிருந்து வந்த இன்னொரு இடக்கை ஸ்பின்னர், டாம் ஹார்ட்லி. அவருக்கும் முதல் டெஸ்ட். டெஸ்ட் கிரிக்கெட்டில் அவர் வீசிய முதல் பந்தையே ஜெய்ஸ்வால் சிக்ஸர் அடித்தார். அன்று மாலை 9 ஓவரில் 63 ரன் போனது. கெரிகனின் கணக்கைவிட மோசம். ஆனால் கேப்டன் பென் ஸ்டோக்ஸ் அவரை எடுக்கவே இல்லை. அடி விழ விழ ஓவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். முதல் இன்னிங்ஸ் முடியும்போது ஹார்ட்லி 25 ஓவரில் 131 ரன் கொடுத்து 2 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் 62 ரன்னுக்கு 7 விக்கெட், இங்கிலாந்து 28 ரன்னில் ஜெயித்தது. பிட்ச் வேறு, தொடரின் நிலைமை வேறு, அதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஹைதராபாத்தில் பந்து திரும்பியது, 2013 ஓவலின் முதல் நாளில் அந்த உதவி இல்லை. குக்கிடம் ஸ்வான் என்ற தரமான ஸ்பின்னர் இருந்தார், ஸ்டோக்ஸுக்கு அப்படி மாற்று வழியும் குறைவு. இருந்தாலும், அடி வாங்கும் ஸ்பின்னரிடம் கேப்டன் பந்தைத் திரும்பக் கொடுப்பதும் கொடுக்காததும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நெருக்கமான ஒப்பீடு எனக்குத் தெரியவில்லை. குக்கைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. 28 ரன் போன பிறகு பெரும்பாலான கேப்டன்கள் அதைத்தான் செய்வார்கள். அந்த வழக்கமே எனக்குத் தவறாகப் படுகிறது.

ஓவலுக்குப் பிந்தைய கதையில் டெஸ்ட் அணியைவிடக் கவுண்டியின் அமைப்புக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கருத்து. இங்கிலாந்தில் சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் பெரும்பகுதி ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பரிலும் வந்து விழும். பிட்ச் ஈரமும் புல்லுமாக இருக்கும், 130 கிலோமீட்டர் வேகத்தில் சீம் செய்பவன் போதும், ஸ்பின்னர் மிட் ஆனில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். வெயில் காய்ந்து பந்து திரும்பத் தொடங்கும் ஜூலை, ஆகஸ்டில் குறைந்த ஓவர் ஆட்டங்கள் வந்துவிடும். இந்த நிலையை மாற்றத்தான் 2016ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: வெளியூர் அணி விரும்பினால் டாஸ் போடாமலேயே முதலில் பந்து வீசலாம். உள்ளூர் அணி பச்சைப் பிட்ச் போட்டால் அதில் தானே முதலில் பேட் செய்ய வேண்டி வரும். அதனால் நல்ல பிட்ச் போடுவார்கள், ஸ்பின்னருக்கும் வேலை வரும் என்பது கணக்கு. நோக்கம் நல்லதுதான், சில வருடங்களில் அந்த விதியை விட்டுவிட்டார்கள். ஒரு காலத்தில் கென்ட் கவுண்டியின் ஸ்பின்னர் டெரெக் அண்டர்வுட் மழையில் நனைந்த, மூடாத பிட்சுகளில் பேட்ஸ்மேன்களை ஆட்டிப் படைத்து, முதல்தர கிரிக்கெட்டில் 2,465 விக்கெட் எடுத்தார். பிட்சை மூடத் தொடங்கிய பிறகு அந்த உலகம் போய்விட்டது.

இந்தச் சூழலில் சுருதி தவறிய ஸ்பின்னர் ஒருவர் அதை மீட்டெடுக்க ஓவர்களுக்கு எங்கே போவார்? கெரிகனுக்கு வருடா வருடம் வாய்ப்பு குறைந்தது. இங்கிலாந்து பக்கம் பார்த்தால், 2013 டிசம்பரில் ஸ்வான் ஆஷஸ் தொடரின் நடுவிலேயே ஓய்வு பெற்றார். இடம் காலி. ஆனால் 2014 கோடையில் பேட்டிங்கும் தெரிந்த மொயீன் அலியை எடுத்தார்கள், சவுதாம்ப்டனில் இந்தியாவுக்கு எதிராக 67 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து அவர் இடத்தை உறுதி செய்துகொண்டார். கடைசி ஆளாக பேட் செய்ய வரும் கெரிகனால் அந்தப் போட்டியில் நிற்க முடியவில்லை. லங்காஷயரிலேயே மேத்யூ பார்க்கின்சன் என்ற இளம் லெக் ஸ்பின்னர் மேலே வந்தார். 2017ல் கெரிகன் நார்தாம்ப்டன்ஷயருக்குக் கொஞ்ச நாள் கடனாகப் போனார். 2018 பருவத்தின் முடிவில் லங்காஷயர் அவரை விடுவித்தது. அப்போது வயது 29. ஸ்பின்னர்கள் முதிர்ந்து வரும் வயது அது. முதல்தர கிரிக்கெட்டில் 300 விக்கெட்டுக்கு மேல் எடுத்திருந்தார்.

லங்காஷயரே இதற்கு முன்பும் இப்படி ஒரு ஸ்பின்னரைக் கைவிட்டது உண்டு. லெக் ஸ்பின்னர் கிறிஸ் ஸ்கோஃபீல்ட். 2000ல் இங்கிலாந்து வாரியம் முதன்முதலாக மத்திய ஒப்பந்தம் கொடுத்த 12 பேரில் அவரும் ஒருவர், வயது 21. ஜிம்பாப்வேக்கு எதிராக இரண்டு டெஸ்ட், விக்கெட் இல்லை. 2004ல் லங்காஷயர் அவரை நீக்கியது, அது முறையற்ற நீக்கம் என்று தொழில் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார். அப்புறம் சரே வாய்ப்புக் கொடுத்தது, 2007 உள்நாட்டு இருபது ஓவர் போட்டியில் 17 விக்கெட்டோடு முதலிடம், அதே ஆண்டு முதல் டி20 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அணியில் இடம். வேறு ஓர் இடம், வேறு ஒரு கேப்டன், தொடர்ந்து ஓவர். இவைதான் அவரை மீட்டன.

ஹார்ட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024ல் அந்த இந்தியத் தொடர் முழுவதும் 22 விக்கெட், இங்கிலாந்து அணியில் அதிகம் எடுத்தவர் அவர்தான். ஊருக்குத் திரும்பிப் போனால் அந்தக் கோடையில் லங்காஷயர் வெளிநாட்டு வீரராக ஆஸ்திரேலிய ஸ்பின்னர் நேதன் லயனை வைத்திருந்தது. இங்கிலாந்து அணி அந்தக் கோடைக்கு ஷோயப் பஷீர் என்ற இளம் ஸ்பின்னரைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பஷீருக்கோ சொந்தக் கவுண்டியான சாமர்செட்டில் மூத்த ஸ்பின்னர் ஜாக் லீச் இருந்ததால் இடம் இல்லை, வோர்செஸ்டர்ஷயருக்குக் கடனாகப் போக வேண்டி வந்தது. நாட்டின் முதல் தேர்வான ஸ்பின்னருக்கே சொந்த ஊரில் வீச இடம் கிடைக்காத அமைப்பு அது.

இதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அன்று அவர் மோசமாக வீசினார், டெஸ்ட் வாய்ப்பு மறுபடி வரவில்லை, 29 வயதில் கவுண்டி கைவிட்டது, இவை நடந்தவை. இறுக்கம்தான் பந்தைக் கெடுத்தது, ஓவர்கள் கிடைத்திருந்தால் அன்றே மீண்டிருப்பார் என்பது பயிற்சியாளராக என் கணிப்பு. வேறொரு பயிற்சியாளர், அவருடைய ஆக்‌ஷனிலேயே அதற்கு முன்பிருந்து கோளாறு இருந்தது, ஓவல் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான் என்று வாதிடலாம். அதையும் என்னால் ஒதுக்க முடியாது. அந்த இரண்டு ஓவரில் அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்பதை அவர் மட்டுமே சொல்ல முடியும்.

உங்கள் கேள்வியில் ‘காணாமல் போனார்’ என்ற பகுதிக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. 2019ல் கெரிகன் முழுநேரத் தொழில்முறை கிரிக்கெட்டிலிருந்து விலகி, கிளப் அளவில் ஆடினார், பயிற்சியும் கொடுத்தார். 2020ல் நார்தாம்ப்டன்ஷயர் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. கொரோனாவால் சுருங்கிப்போன பருவம் அது. வந்தார், வீசினார், அடுத்த ஆண்டுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது, அதன்பின் சில பருவங்கள் அந்த அணியின் முக்கிய ஸ்பின்னராக சாம்பியன்ஷிப்பில் ஆடினார். ஓவலில் அவரோடு சேர்ந்து அறிமுகமான வோக்ஸ் 60 டெஸ்டுக்கு மேல் ஆடினார், கெரிகன் ஒன்றோடு நின்றார். ஆனால் வாட்சன் அந்த ஓவர்களை அடித்து எட்டு, ஒன்பது வருடங்கள் கழித்தும் நார்தாம்ப்டனில் அவர் கையில் பந்து இருந்தது.